மகன்ட காரை எதிர்பார்க்காம ஜேர்மனி சுத்திப் பாக்கலாமா?

கேள்வி: எங்கட மகன் ஜேர்மனில டோர்ட்முண்ட்ல இருக்கிறார். மூண்டு மாச விசா கிடைச்சு நானும் இவரும் மே கடைசில போறம். பிள்ளையள் ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவினம், அவையள கரைச்சல்படுத்தாம நாங்களே பஸ், கோச்சில ஏறி ஹம் காமாட்சி அம்மன் கோயில், கொலோன், ஃபிராங்க்ஃபர்ட்ல தங்கச்சி வீடு எண்டு போய்வர ஏலுமா? டிக்கெட் விலையக் கேட்டா தலை சுத்துது.
– வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: தாராளமா ஏலும் அம்மா. டொய்ச்லாண்ட் டிக்கெட் எண்டு ஒரு மாசச் சீட்டு இருக்கு, 2023 மே மாசம் 49 யூரோவுக்குத் தொடங்கினது, 2026 ஜனவரில இருந்து ஆளுக்கு 63 யூரோ. அத வச்சு நாடு முழுக்க டவுன் பஸ், ட்ராம், நிலக்கீழ் ரெயின், பக்கத்து ஊர்களுக்கு ஓடுற ரெயின் எல்லாத்திலயும் எத்தின தரமும் ஏறலாம். டோர்ட்முண்ட்ல இருந்து கொலோனுக்கு தனித்தனியா டிக்கெட் எடுத்து ரெண்டு தரம் போய் வந்தாலே அந்தக் காசு தாண்டிரும்.

ஆனா ஒண்டு, ஐசிஈ, ஐசி, ஈசி எண்டு எழுதியிருக்கிற வேக ரெயின்ல இது செல்லாது. ஆர்ஈ, ஆர்பி, எஸ் எண்டு இருந்தா அது பக்கத்து ஊர் ரெயின், பயப்பிடாம ஏறுங்கோ. ஹம்முக்கு ஆர்ஈ நேராவே போகுது, அங்க இறங்கி கோயில் இருக்கிற ஊன்ட்ரோப் பக்கம் போற பஸ் எடுக்கவேணும், அதுக்கும் இதே சீட்டுத்தான். தேர்த்திருவிழா வழக்கமா மே, ஜூன் மட்டிலதான் வரும், திகதிய மகனிட்ட இப்பவே பாக்கச் சொல்லுங்கோ, ஐரோப்பா முழுக்க இருந்து எங்கட சனம் வந்து சேருற நாள் அது, தவறவிடாதீங்கோ.

வாங்கிறதில கொஞ்சம் யோசிக்கவேணும். இது சந்தா மாதிரி, மாசம் 1ஆம் திகதில இருந்து கடைசி வரைக்கும்தான் கணக்கு, இடையில வாங்கினா கன இடத்தில முழுக்காசும் எடுத்திருவாங்கள், அதால மே கடைசி நாளுகளுக்கு டே டிக்கெட் எடுத்துச் சமாளிச்சு ஜூன் 1ல இருந்து தொடங்குங்கோ. நிப்பாட்டுறதெண்டா அந்த மாசம் 10ஆம் திகதிக்குள்ள சொல்லோணும், இல்லாட்டி நீங்க திருகோணமலைக்குத் திரும்பி வந்த பிறகும் மகன்ட எக்கவுண்ட்ல காசு கழியும். சீட்டு உங்கட பேர்ல இருக்கவேணும், ஆள்மாறிப் பாவிக்க ஏலாது, பாஸ்போர்ட்டும் கையில இருக்கட்டும்.

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இதில போகலாம்தான், ஆனா இடையில மாறி மாறி நாலஞ்சு மணித்தியாலத்துக்குக் குறையாது. முழங்கால் நோ இருக்கிற ஆக்களுக்கு நான் அத சொல்லமாட்டன். ஐசிஈக்கு கிழமைக்கணக்கா முன்னமே புக் பண்ணினா மலிவான டிக்கெட் வரும், அந்த ஒரு பயணத்துக்கு அதையே எடுங்கோ. மலிவு டிக்கெட்டுக்கு குறிச்ச ரெயின்லதான் ஏறவேணும், ஆனா போய்ச் சேர 20 நிமிசத்துக்கு மேல பிந்தும் எண்டா வேற ரெயின்ல போக விடுவாங்கள். ஜேர்மனி ரெயின் கன தரம் பிந்தும் அம்மா, ஜேர்மன் ரெயில்வேன்ட டீபி நேவிகேட்டர் ஆப்ல ரெயின் மாறுற நேரத்த கூட்டி வைக்கலாம், பேரன் பேத்தியிட்ட குடுத்தா ஒரு நிமிசத்தில செய்து தருவினம்.

இன்னொண்டு, அங்க ஸ்டேஷன்ல கேட் இல்ல, ட்ராம்ல கண்டக்டர் வந்து காசு கேக்கமாட்டார், திடீரெண்டுதான் செக் பண்ணுவாங்கள், டிக்கெட் இல்லாட்டி 60 யூரோ. சில கடதாசி டிக்கெட்ட மெஷின்ல குத்தின பிறகுதான் செல்லும், குத்தாட்டியும் அதே 60தான்.

கேள்வி: மகள் ஜேர்மனிக்கு யூனிவர்சிட்டில படிக்கப் போறா, அவவும் இந்த 63 யூரோவக் கட்டோணுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: அவசரப்பட்டு வாங்கவேண்டாம். கன யூனிவர்சிட்டில செமஸ்டர் கட்டணத்துக்குள்ளயே இதே டிக்கெட் சேர்ந்திருக்கு, மாணவருக்கு விலை சாதாரண விலையின்ட 60 வீதம்தான். அட்மிஷன் கடிதத்தோட வந்த கட்டண விபரத்த முதல்ல வாசிச்சுப் பாருங்கோ.