வளைகுடாவில் அந்நாட்டவரைப் போல நமக்கும் வங்கிக் கடன் கிடைக்குமா?

ஐக்கிய அரபு அமீரகத்துக்கு வேலைக்குப் புறப்படும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் ஒருவர்தான் இதைக் கேட்டிருப்பார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தனிநபர் கடனுக்கு ஏட்டளவில் இருவருக்கும் ஒரே வரம்புதான்: அமீரக மத்திய வங்கி 2011-இல் வகுத்த விதிப்படி, மாதச் சம்பளத்தின் 20 மடங்கு வரை, 48 மாதத் தவணை. வீட்டுக் கடனில் மட்டும் வேற்றுமையை வெளிப்படையாகவே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உறைத்தது சட்டத்தில் எழுதப்படாத வேற்றுமை. கருங்கல் ஊரிலிருந்து சார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காகப் போன நான், தங்கையின் கல்யாணத்துக்காகக் கடன் கேட்டபோது, வங்கி ஊழியர் என் சம்பளச் சான்றைப் பிரிக்கும் முன்னரே வங்கி ஏற்றுக்கொண்ட கம்பெனிகளின் பட்டியலில் எங்கள் கம்பெனியின் பெயரைத் தேடினார். இல்லை என்றதும் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். வேறொரு வங்கி, என் சம்பளமும் பணிக்கொடையும் தன்னிடமே வரும் என்று கம்பெனி எழுதிக் கொடுத்த பிறகு, தொகை எழுதாத காசோலை ஒன்றில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கடன் தந்தது. காசோலை திரும்பினால் சிறை என்றிருந்த காலம் அது. 2022-இல்தான் அந்தச் சட்டம் தளர்ந்தது. அந்நாட்டவருக்கு வேலை போனாலும் நாடு இருக்கிறது. நமக்கு வேலையோடு விசாவும் போய்விடும்.

கடனைக் கட்டாமல் விமானம் ஏறியவர்கள் இல்லையா என்று இங்கே சிலர் கேட்பீர்கள். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டியவனை அவர்களோடு சேர்த்து எண்ணுவது நியாயமாகாது.

ஊர் திரும்பிய பிறகு நேர்ந்ததுதான் இன்னும் வேதனை. வீட்டுக் கடனுக்காக மார்த்தாண்டத்தில் ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடனை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்று காட்டும் சிபில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் -1 என்று இருந்தது. "சார், உங்க பேர்ல கடன் வரலாறே இல்லையே" என்றார். அமீரகத்தில் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் அல் எத்திஹாத் கிரெடிட் பியூரோவில் இருக்கும் என் கணக்கு இங்கே செல்லாது. சொந்த மண்ணிலும் நான் புதியவனானேன். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் கான்கிரீட் போட்டோம்.

ஆகையால், அங்கே இருக்கும்போதே இங்குள்ள என்.ஆர்.ஈ. (வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை இங்கே போட்டு வைக்கும் கணக்கு) வைப்புத்தொகையின் பேரில் ஒரு சிறு கடன் எடுத்து ஒழுங்காகக் கட்டி வாருங்கள். சிபில் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகவே பார்க்கலாம். அங்கிருந்து கிளம்பும்போது, பாக்கி இல்லை என்ற கடிதத்தை வங்கியின் முத்திரையோடு கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.