கல்லடி மணலில் அப்ரிகொட்? வாசகர் கேள்வி – பதில்

லண்டனில இருந்து அக்கா கொண்டுவந்த அப்ரிகொட் கொட்டையைப் பிரிட்ஜில வைத்து முளைக்க வைத்தேன். கன்று இடுப்பளவு வந்திட்டு. எப்ப காய்க்கும்? – கல்லடி

காய்க்காது. பிரிட்ஜில் பட்ட குளிர் விதையின் உறக்கத்தைக் கலைக்க மட்டுந்தான் உதவியது. மரமான பிறகு ஒவ்வொரு வருசமும் மொட்டுகளுக்குத் தனியாகக் குளிர் வேண்டும். இனத்தைப் பொறுத்து, 7 பாகை செல்சியசுக்குக் கீழே ஏறக்குறைய 300 முதல் 900 மணித்தியாலம். மட்டக்களப்பில் மார்கழி வாடையிலும் இரவு 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கணக்கு நிறையாத மரத்தில் மொட்டு உதிரும், இலையும் ஒழுங்காக வராது. அடியில் ஐஸ் தண்ணி ஊற்றிப் பயனில்லை. குளிரை உணர்வது வேரல்ல, கிளையில் இருக்கும் மொட்டு.

கொட்டைக்குள் இருக்கும் பருப்பைத் தின்னலாமா? – காத்தான்குடி

வேண்டாம். கசப்பான பருப்பு வயிற்றுக்குள் போனால் சயனைட் உண்டாகும். பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

ரொறன்ரோவில மகள் வீட்டு மரம் நிறையப் பூக்குது, காயே இல்லை. – கல்முனை

அங்கே குளிருக்குக் குறைவில்லை, பூக்கும் நேரந்தான் சிக்கல். அப்ரிகொட் மற்றப் பழமரங்களுக்கு முந்திப் பூக்கும். விரிந்த பூ ஏறக்குறைய −3 பாகையிலேயே கருகத் தொடங்கும், −5.5 அளவில் பெரும்பாலும் போய்விடும். உறைபனி வரும் என்று அறிவித்தால், பொழுது சாய முன்னர் நிலம் தொடும்படி துணியால் மூடி, காலையில் எடுத்துவிடச் சொல்லுங்கள். பூவின் நடுப்பகுதி கறுத்திருந்தால் பனிதான் காரணம். பச்சையாக இருந்தும் உதிர்ந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை: குளிரில் தேனீ பறக்காது. மத்தியானத்தில் மெல்லிய தூரிகையால் பூவுக்குப் பூ தடவலாம். பெரும்பாலான இனங்களுக்கு ஒரே மரம் போதும், சிலவற்றுக்குத் துணை மரம் வேண்டும். கிளை வெட்டுவது பழம் பறித்தபின், மழையில்லாத கோடை நாளில். ஈரக் குளிரில் வெட்டினால் காயத்தால் நோய் நுழையும்.

அப்படியென்றால் மணல் வளவில் எதை வைப்பது? கிணற்றுத் தண்ணி கொஞ்சம் உவர். – அக்கரைப்பற்று

மாதுளை. ஓரளவு உவரைத் தாங்கும். நீள, அகல, ஆழம் மூன்றும் 60 சென்ரிமீற்றராகக் குழி வெட்டி, மேல்மண்ணோடு உக்கிய மாட்டெருவும் தென்னந்தும்புத் தூளும் கலந்து நிரப்புங்கள். மாரியில் தண்ணி தேங்கும் வளவென்றால் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் நடுங்கள்; இல்லாவிட்டால் வேர் அழுகும். பழம் வெடிப்பதுதான் பெரிய முறைப்பாடு. கச்சான் காற்றில் மண் காய்ந்து கிடக்க, திடீரென்று நிறையத் தண்ணி விட்டால் உள்ளே முத்து பருக்கும், தோல் ஈடுகொடுக்காது. ஒன்றுவிட்ட ஒருநாள் ஒரே அளவாகத் தண்ணி விட்டு, அடியில் காய்ந்த சருகைப் பரப்பி வையுங்கள், தண்டில் படாமல்.