நாலாயிரம் எழுத்து: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் ஒரு மாணவன் பிரிட்டனில் பொறியியல் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறான். அவன் தேர்ந்தெடுத்த ஐந்து இடங்களில் ஒன்று கேம்பிரிட்ஜ். எங்கள் பள்ளியிலிருந்து இதற்கு முன் யாரும் அப்படி விண்ணப்பித்ததில்லை. இந்தப் படிப்பு ஏன், தான் ஏன் பொருத்தம் என்று விண்ணப்பத்தோடு தர அவன் எழுதிய பர்சனல் ஸ்டேட்மென்ட்டைப் படித்தேன். எல்லாம் பொதுவான பேச்சு, அவனே அதில் இல்லை. "உங்களுக்கு இங்கிலீஷ் நல்லா வரும் டீச்சர், நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க" என்கிறார் அவன் அப்பா. ரெஃபரன்ஸும், அதாவது அவனைப் பற்றிய ஆசிரியர் பரிந்துரையும், நான்தான் தர வேண்டுமாம். பையன் கெட்டிக்காரன். நான் எவ்வளவு தூரம் உதவலாம், எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

எழுதிக் கொடுக்காதீர்கள். எழுத்துப்பிழையைச் சுட்டலாம், புரியாத வாக்கியத்தின் ஓரத்தில் கேள்விக்குறி போடலாம். பேனா அவன் கையிலேயே இருக்கட்டும். ஆனால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் முதல் வேலை ஸ்டேட்மென்ட் அல்ல, தேதி.

பிரிட்டனில் இளநிலைப் படிப்புக்கான விண்ணப்பங்கள் யூகாஸ் (UCAS) என்ற பொதுச் சேர்க்கை அமைப்பு வழியாகப் போகின்றன. பெரும்பாலான படிப்புகளுக்கு ஜனவரி வரை நேரம் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்கு மட்டும் அக்டோபர் 15, பிரிட்டன் நேரம் மாலை 6 மணி. விண்ணப்பம் ஒன்றே என்பதால், கேம்பிரிட்ஜுக்காக அக்டோபரிலேயே அனுப்பியாக வேண்டும். உங்கள் ரெஃபரன்ஸ் உள்ளே வந்து சேராமல் அவனால் விண்ணப்பத்தை அனுப்பவே முடியாது. ஆகவே அந்த 15ஆம் தேதி உங்களுக்கும் கெடுதான். செப்டம்பர் கடைசியிலேயே முடித்துவிடுங்கள்.

அதைவிட அவசரம் நுழைவுத் தேர்வு. கேம்பிரிட்ஜ் பொறியியலுக்கு ஈசாட் (ESAT) என்ற தேர்வை எழுத வேண்டும். யூகாஸ் படிவத்தை நிரப்பினால் அதற்குப் பதிவு ஆகிவிடாது. தனியாகப் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவு அக்டோபர் 15க்கு முன்பே மூடிவிடும். நல்ல மாணவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான், பிறகு கெஞ்சியும் பயனில்லை. விண்ணப்பம் போன பிறகு கேம்பிரிட்ஜிலிருந்து ‘மை கேம்பிரிட்ஜ் அப்ளிகேஷன்’ என்ற இன்னொரு படிவத்துக்கு மின்னஞ்சல் வரும், அதற்கும் சில நாள்தான் அவகாசம். அந்த வாரம் முழுவதும் ஸ்பாம் பெட்டியையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஸ்டேட்மென்ட். முன்பெல்லாம் ஒரே நீண்ட கட்டுரையாக எழுதுவார்கள். 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள். இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறாய்? இதுவரை படித்த படிப்பு உன்னை இதற்கு எப்படித் தயார் செய்திருக்கிறது? படிப்புக்கு வெளியே என்ன செய்திருக்கிறாய், அது எப்படிப் பயன்படும்? மூன்றுக்கும் சேர்த்து 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் வரும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350 எழுத்துகள் இருக்க வேண்டும். மூன்றையும் சேர்த்துத்தான் படிப்பார்கள் என்பதால் ஒரே விஷயத்தை இரண்டு பதில்களில் சொல்வது வீண். ஐந்து பல்கலைக்கழகங்களுக்கும் இதே ஸ்டேட்மென்ட்தான் போகும், அதனால் எந்த ஒன்றின் பெயரும் அதில் வரக் கூடாது. கேம்பிரிட்ஜில் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லாருக்கும் பொதுவான பொறியியல். மற்ற நான்கும் மெக்கானிக்கல் என்றால், இரண்டுக்கும் பொருந்தும்படி அவன் எழுத வேண்டியிருக்கும்.

எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல நேர்மை மட்டும் காரணமல்ல. வரும் ஒவ்வொரு ஸ்டேட்மென்ட்டையும் யூகாஸ் தன்னிடம் முன்பே உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒற்றுமை அதிகமாக இருந்தால் பல்கலைக்கழகங்களுக்குத் தகவல் போகும். 2007இல் சுமார் 50,000 ஸ்டேட்மென்ட்டுகளைச் சோதித்தபோது, எட்டு வயதில் வேதியியல் பெட்டியை வைத்து விளையாடி பைஜாமாவில் ஓட்டை போட்டுக்கொண்ட கதையை 234 பேர் எழுதியிருந்தது தெரியவந்தது. எல்லாருக்கும் மூலம் இணையத்தில் கிடந்த ஒரு மாதிரி. செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதித் தந்ததைத் தன் எழுத்து என்று கொடுத்தாலும் ஏமாற்று வேலையாகக் கருதப்படலாம் என்று யூகாஸ் எச்சரிக்கிறது. இதெல்லாம் போக நேர்காணல் இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் உள்ள எந்த வரியைப் பிடித்தும் கேள்வி வரலாம். உங்கள் வாக்கியத்துக்கு அவன் பதில் சொல்ல நேர்ந்தால் அங்கேயே திணறுவான்.

அப்படியென்றால் எப்படித்தான் உதவுவது? கேள்வி கேளுங்கள். அவன் எழுதியதில் "சிறு வயது முதலே இயந்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். அதை அடிக்க வேண்டாம். எந்த இயந்திரம் என்று கேளுங்கள். "சைக்கிள்" என்பான். சைக்கிளில் எதைக் கழற்றினாய்? "பின்சக்கரத்து ஃப்ரீவீல்." ஏன் கழற்றினாய்? "பெடலை மிதித்தால் சில நேரம் சக்கரம் சுற்றாமல் வெறுமனே போனது." உள்ளே என்ன இருந்தது? பல்வரிசை வைத்த ஒரு வளையம், அதில் போய் மாட்டிக்கொள்ளும் சின்ன நாக்குகள், நாக்கை வெளியே தள்ளும் மெல்லிய ஸ்பிரிங். பழைய கிரீஸ் இறுகி நாக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கால் அதைத் தள்ள முடியவில்லை, நாக்கு பல்லில் மாட்டவில்லை. மிதிக்காமல் விடும்போது கேட்கும் டிக்டிக் சத்தம் அந்த நாக்குகள் பல்லின் மேல் ஏறி இறங்கும் சத்தம்தான் என்று அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே நிறுத்திவிடக் கூடாது. பிறகு என்ன செய்தாய் என்று கேளுங்கள். கழுவி, மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினான். அவ்வளவுதானா? அந்தச் சின்ன நாக்கு ஒரு ஆளின் முழு மிதியையும் எப்படித் தாங்குகிறது என்று யோசித்தானா? வகுப்பில் படித்த திருப்புவிசையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தானா? போடவில்லை என்றால் இப்போது போடட்டும், இன்னும் நாள் இருக்கிறது. விண்ணப்பத்தைப் படிப்பவர் தேடுவது இந்த இரண்டாவது படியைத்தான். சைக்கிளைப் பிரித்தது ஒரு சம்பவம், அவ்வளவே. அதிலிருந்து ஒரு கேள்வி பிறந்து, அதைத் துரத்திக்கொண்டு அவன் போயிருந்தால்தான் பொறியியலுக்கான ஆள் என்று தெரியும். அரை மணி நேரம் இப்படிக் கேட்டு, அவன் வாயால் சொன்னதை அவனையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் அந்தக் குறிப்பை வைத்து அவன் எழுதட்டும். இங்கிலீஷ் கொஞ்சம் முரடாக இருந்தால் இருக்கட்டும், விஷயம் தெளிவாக இருந்தால் போதும்.

ரெஃபரன்ஸ் முழுக்க உங்கள் பொறுப்பு. உங்கள் பள்ளி யூகாஸில் பதிவு செய்யாததென்றால், அவன் படிவத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பான், உங்களுக்கு நேராக ஒரு இணைப்பு வரும். பள்ளியின் பெயரில் மின்னஞ்சல் இருந்தால் அதையே கொடுங்கள். குடும்பத்தாரோ நண்பர்களோ ரெஃபரன்ஸ் எழுதக் கூடாது. அதிலும் மூன்று பகுதிகள் உண்டு. முதலாவது பள்ளியைப் பற்றியது: எந்தப் பாடத்திட்டம், வகுப்பில் எத்தனை பேர், ஆய்வக வசதி எப்படி, இதுவரை வெளிநாட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் உண்டா. உங்கள் பள்ளியின் பெயரே கேள்விப்படாதவர் அங்கே படிப்பார் என்பதால், நீங்கள் சாதாரணமாக நினைக்கும் விவரம்கூட அவருக்குப் புதிது. இரண்டாவது, நோய், குடும்பத்தில் இழப்பு போல அவன் படிப்பைப் பாதித்தவை. இருந்தால் மட்டும், அதுவும் அவன் சம்மதத்தோடு.

மூன்றாவதுதான் அவனைப் பற்றியது. "ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவன்" என்று எழுதினால் அது உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்குப் பொருந்தும். நீங்கள் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். கம்பியின் நீளத்தை வைத்து மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் சோதனையில் விடை கொஞ்சம் தள்ளி வந்தபோது, எல்லாரும் நோட்டில் எழுதி மூடிவிட்டார்கள், இவன் மட்டும் இரண்டு பக்கத்து மின்தடைகளையும் இடம் மாற்றி மறுபடி எடுத்து, இரண்டுக்கும் சராசரி கண்டு, கம்பியின் முனைகளால் வரும் பிழையைக் குறைத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லித் தராமலே செய்தானா, சொன்ன பிறகு செய்தானா என்பதையும் எழுதுங்கள். இப்படி இரண்டு வரி இருந்தால் பெயரடைகள் தேவைப்படாது.

இறுதித் தேர்வில் அவன் எவ்வளவு எடுப்பான் என்று நீங்கள் தரும் கணிப்பு மதிப்பெண்ணில் பாசம் குறுக்கே வர விடாதீர்கள். குறைத்துப் போட்டால் படிப்பின் தகுதி வரம்புக்குக் கீழே போய், தொடக்கத்திலேயே நிராகரிக்கப்படலாம். கூட்டிப் போட்டால் எட்ட முடியாத நிபந்தனையோடு இடம் கிடைத்து, தேர்வு முடிவு வரும் நாளில் அது கைவிட்டுப் போகும். இதுவரை எழுதிய தேர்வுகளை முன்னால் வைத்துக்கொண்டு, உங்களால் நியாயப்படுத்த முடிகிற எண்ணைப் போடுங்கள்.

பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்பட்டும். மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தும் பாஸ்போர்ட்டில் விரித்த பெயருமாக இருந்தால் பள்ளியிலிருந்து ஒரு விளக்கச் சான்று இப்போதே வாங்கி வைப்பது நல்லது. ஆங்கிலத் தேர்வைப் பொறுத்தவரை, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் 2 ஆண்டுகள் செல்லும். மொத்த மதிப்பெண் போதுமானதாக இருந்தும் எழுத்துப் பகுதியில் அரைப் புள்ளி குறைந்து தவறுகிறவர்கள் உண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி வரம்பு கேட்பார்கள்.

அவன் அப்பாவுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவரிடம் இங்கிலீஷைப் பற்றிப் பேசாமல் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசுங்கள். விசாவுக்குப் பணம் காட்டச் சொன்னால், முதல் ஆண்டுக் கட்டணத்தில் கட்டாத பாக்கியும், 9 மாதம் வரைக்குமான வாழ்க்கைச் செலவும், தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும். அந்த 28ஆம் நாளிலிருந்து 31 நாட்களுக்குள் விசா விண்ணப்பம் போய்விட வேண்டும். பங்குகள், வருங்கால வைப்பு நிதி போன்றவை இதில் சேராது. கணக்கு அவர் பெயரில் இருக்கிறதென்றால், மகனின் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் கூட வேண்டும். சான்றிதழில் அவர் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருத்த வேண்டியிருந்தால் அதற்கும் மாதக்கணக்கில் ஆகலாம்.