படத்துக்குச் சம்மதித்தேன், விளம்பரத்துக்கு இல்லை: தனியாகத் தொழில் செய்யும் மாடலுக்குச் சட்ட ஆலோசனை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். நான்கு வருடமாகத் தனியாக மாடலிங் செய்கிறேன். திருச்சூரில் ஒரு தனியார் ஓவியக் கூடத்தில் நிர்வாண ஓவிய வகுப்புக்குப் போஸ் கொடுப்பேன். கோயம்புத்தூரில் ஃபோட்டோ ஷூட்டுகளுக்கும் போவேன். ஒரு ஃபோட்டோகிராஃபர் போன வருடம் டிஎஃப்பி முறையில் சேலைப் படங்கள் எடுத்தார். எனக்குச் சம்பளம் இல்லை, படங்கள் இருவர் போர்ட்ஃபோலியோவுக்கும் என்று வாட்ஸ்அப்பில் பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு பக்க ஃபாரத்தில் கையெழுத்து வாங்கினார், நகல் தரவில்லை. அந்தப் படம் இப்போது பாலக்காட்டில் ஒரு நகைக்கடை ஹோர்டிங்கிலும் இன்ஸ்டாகிராம் விளம்பரத்திலும் இருக்கிறது. வேறொரு கேட்டலாக் வேலைக்கு அவர் எனக்கு 3 நாள் சம்பளம் 18,000 ரூபாய் பாக்கி. இரண்டையும் கேட்டதற்கு, ஓவிய வகுப்பில் யாரோ மொபைலில் திருட்டுத்தனமாக எடுத்த என் படம் தன்னிடம் இருப்பதாகவும், மேலே பேசினால் ஊர் குரூப்பில் போட்டு என் மானத்தை வாங்கிவிடுவதாகவும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். போலீசுக்குப் போனால் நிர்வாணமாக நின்றதற்கு என் மேலேயே கேஸ் போடுவார்களா? தமிழ்நாட்டில் புகார் கொடுப்பதா, கேரளத்திலா? எனக்கு மலையாளம் எழுத வராது.

பதில்: உங்களை அதிகம் பயமுறுத்தும் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்கள் மேல் கேஸ் வராது. மூடிய அறையில், ஓவியம் பயில்பவர்கள் முன்னால், சம்மதத்தோடு, கூலிக்குப் போஸ் கொடுப்பது எந்தச் சட்டத்திலும் குற்றமல்ல. நிர்வாணம் என்பதாலேயே ஒரு படம் ஆபாசமாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் தெளிவாகச் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2023 ஜூனில், உடலில் ஓவியம் வரைந்தது பற்றிய வழக்கு ஒன்றில், பெண்ணுடலின் நிர்வாணத்தைப் பாலுறவோடு சேர்த்தே பார்க்கக் கூடாது என்றது. ஆபாசம் பற்றிய சட்டப்பிரிவிலேயே கலைக்கு விலக்கு இருக்கிறது. ஸ்டேஷனில் யாராவது 'நீ ஏன் அப்படி நின்றாய்' என்று கேட்டால், 'அது என் தொழில், புகார் அதைப் பற்றியது அல்ல' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தரும் கடமை உங்களுக்கு இல்லை.

உங்களிடம் இருப்பது மூன்று வெவ்வேறு விவகாரங்கள்: மிரட்டல், விளம்பரம், சம்பள பாக்கி. மூன்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுக்காதீர்கள். 18,000 ரூபாய் பாக்கி என்று முதல் பத்தியில் எழுதினால், 'இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்று மனு திரும்பி வந்துவிடும். போலீஸ் புகாரில் திருட்டுப் படமும் மிரட்டலும் மட்டும் இருக்கட்டும். ஏன் மிரட்டினார் என்பதற்கு 'சம்பள பாக்கி கேட்டதால்' என்று ஒரு வரி போதும்.

புகாரில் எந்தப் பிரிவுகள் வர வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ: ஒருவருடைய அந்தரங்க உறுப்புப் பகுதியைச் சம்மதம் இல்லாமல் படம் எடுப்பது, அனுப்புவது, வெளியிடுவது குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்தது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 77, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 354சி. பெண்ணின் அந்தரங்க நிலையைப் படமெடுப்பதும் பரப்புவதும் இதில் வரும். முதல் முறை என்றால் ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை சிறை. படம் எடுக்கவே ஒப்புக்கொண்ட பெண்ணாக இருந்தாலும், அதைப் பிறருக்கு அனுப்ப ஒப்புக்கொள்ளாதபோது அனுப்பினால் குற்றம்தான் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

இங்கே எதிர்த்தரப்பு வக்கீல் என்ன சொல்வார் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 'வகுப்பில் இருந்தவர்கள் பார்ப்பார்கள் என்று தெரிந்துதானே நின்றார், பிறகு என்ன அந்தரங்கம்' என்பார். பிரிவு 77-ஐ மட்டும் நம்பி நின்றால் இந்த வாதம் கொஞ்சம் தொந்தரவு தரும். 66இ அப்படி அல்ல. தன் படம் எடுக்கப்படும் என்ற கவலை இல்லாமல் ஆடை களையலாம் என்று ஒருவர் நியாயமாக நம்பக்கூடிய சூழலா என்பதுதான் அங்கே கேள்வி. ஃபோன் அனுமதி இல்லாத ஓவிய வகுப்பு அதற்கு நேராகப் பொருந்துகிறது. அதனால் இரண்டு பிரிவுகளையும் சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் ஃபோன் கூடாது என்ற விதி சுவரில் ஒட்டியிருந்தாலோ, கூடம் அனுப்பிய மெசேஜில் இருந்தாலோ அதன் நகலை வாங்கி இணையுங்கள். இந்த வழக்கில் அதற்கு ஈடான சான்று வேறு இல்லை.

மிரட்டலுக்கு அதே நியாய சன்ஹிதாவின் பிரிவு 351. ஒரு பெண்ணின் நடத்தைக்குக் களங்கம் கற்பிப்பேன் என்று மிரட்டினால் 351(3)-இன்படி ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. மிரட்டல் தனியாக வந்தால், மேஜிஸ்ட்ரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகை. ஆனால் 77, 66இ போன்ற, போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றத்தோடு சேர்ந்து வரும்போது முழு வழக்கும் அவர்கள் விசாரிக்கக்கூடியதாகிவிடும். பிரிவுகளைச் சேர்த்துப் போடச் சொல்வதற்கு இதுவும் காரணம். மிரட்டிப் பணம் பறித்தல் என்ற 308 இங்கே எளிதில் ஒட்டாது. அவர் உங்களிடம் எதையும் கொடுக்கச் சொல்லவில்லை, நீங்கள் கேட்பதை விடச் சொல்கிறார்.

எங்கே போவது? உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே போங்கள். வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்ட வேண்டியதில்லை. வாய்ஸ் மெசேஜ் வந்து சேர்ந்த இடம் உங்கள் ஊர். படம் எடுக்கப்பட்டது திருச்சூர், அனுப்பியவர் கோயம்புத்தூர் என்று காரணம் சொல்லித் திருப்பி அனுப்பவும் முடியாது. குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 173-இன்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் புகாரைப் பதிய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். பிரிவு 77 இருப்பதால் உங்கள் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் எழுத வேண்டும், கேட்டு வாங்குங்கள். ஐடி சட்டக் குற்றத்தை இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும் என்பதால், எஸ்ஐ மட்டும் இருக்கிறார் என்று இழுத்தடித்தால் அதையும் சொல்லுங்கள். பதிய மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் அசையாவிட்டால் மேஜிஸ்ட்ரேட் முன் மனு. தபால் ரசீது இல்லாமல் நேராக மேஜிஸ்ட்ரேட்டிடம் போனால் மனு அங்கேயே தடுமாறும்.

தமிழிலேயே எழுதுங்கள். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்க மனு கொடுக்கும் உரிமை அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவில் இருக்கிறது. கேரளத்தின் ஆட்சிமொழிச் சட்டமும் மொழிச் சிறுபான்மைப் பகுதித் தமிழர்களுக்கு இந்த உரிமையைத் தனியாகவே தந்திருக்கிறது. எஃப்ஐஆரை அவர்கள் மலையாளத்தில் எழுதினால், முழுதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் ஃபோனைக் கவனியுங்கள். அந்தச் சாட்டில் தானாக அழியும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். வாய்ஸ் மெசேஜை வேறு யாருக்கும் ஃபார்வர்டு செய்து 'பத்திரப்படுத்த' வேண்டாம். மூல ஃபோனில் இருப்பதற்குத்தான் மதிப்பு. முழு சாட்டையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென்டிரைவில் வையுங்கள். அவருடைய எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வழக்கு முடியும் வரை அந்த ஃபோனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. கோர்ட்டில் டிஜிட்டல் நகலைக் காட்ட சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63-இன்படி சான்றிதழ் வேண்டும். அது இரண்டு பகுதி: ஒன்றில் நீங்களும் இன்னொன்றில் நிபுணரும் கையெழுத்திட வேண்டும். கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் வரும். உங்கள் வக்கீல் தயாரித்துத் தருவார், ஆனால் மூல ஃபோன் இருந்தால்தான் முடியும்.

அவருக்குப் பதில் அனுப்பாதீர்கள். 'பணம் வேண்டாம், படத்தை அழித்துவிடுங்கள்' என்று பயத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தால் பதற வேண்டாம். குற்றச் செயலைக் காட்டி மிரட்டி வாங்கிய சம்மதம் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 15-இல் வற்புறுத்தல், அதை நீங்கள் ரத்து செய்யலாம். ஃபேஸ்புக்கில் அவர் பெயர் போட்டு எழுதுவதும் இப்போது வேண்டாம், அவதூறு என்று அவர் எதிர்வழக்குப் போட இடம் கொடுத்ததாகும். படம் எங்காவது வெளியே வந்துவிட்டால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு உடனே எழுதுங்கள். நிர்வாணப் படத்தைப் பாதிக்கப்பட்டவரே புகார் செய்தால் தளம் உடனடியாக நீக்க வேண்டும். 2021-இல் விதிகள் வந்தபோது வைத்த கெடுவே 24 மணி நேரம்தான். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பெண்கள், குழந்தைகளுக்கான பகுதியில் பதியுங்கள்.

இனி ஹோர்டிங். 'படம் எடுத்தது நான், உரிமை என்னுடையது' என்று அவர் சொன்னால் பாதி உண்மை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி ஒரு ஃபோட்டோவின் ஆசிரியர் அதை எடுத்தவர். வேறு ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருந்தால், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, உரிமை காசு கொடுத்தவருக்கு. டிஎஃப்பியில் யாரும் காசு கொடுக்கவில்லை, ஆகவே காப்புரிமை அவருடையதுதான். ஆனால் அந்தக் காப்புரிமையில் உங்கள் முகத்தை வைத்து நகை விற்கும் உரிமை அடங்காது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதமின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் ராஜகோபால் வழக்கில் சொல்லிவிட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் உறுதி செய்தார்கள். நீங்கள் கேட்க வேண்டியது படத்தின் உரிமையை அல்ல. எந்தப் பயன்பாட்டுக்கு நான் சம்மதித்தேன் என்று மட்டும் கேளுங்கள்.

அங்கேதான் அந்த ஒரு பக்க ஃபாரம் குறுக்கே வரும். 'எந்த நோக்கத்துக்கும், எக்காலத்துக்கும்' என்று அதில் இருந்தால் உங்கள் நிலை பலவீனமாகும். இதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆங்கிலம் புரியவில்லை, படிக்கவில்லை என்பது மட்டும் கோர்ட்டில் நிற்காது. எழுத்தில் உள்ளதை வாய்ப்பேச்சால் மாற்றவும் முடியாது. ஆனால் தவறான தகவல் சொல்லி வாங்கிய கையெழுத்து இதற்கு விலக்கு. 'போர்ட்ஃபோலியோவுக்கு மட்டும்' என்று கையெழுத்துக்கு முன் அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருப்பதுதான் ஒப்பந்தச் சட்டம் 17, 18, 19 பிரிவுகளில் உங்கள் பிடி. நீங்கள் போடாத கையெழுத்தோடு வேறு ரிலீஸ் ஃபாரம் (படத்தைப் பயன்படுத்தச் சம்மதம் தரும் தாள்) வெளிவந்தால் அது போலி ஆவணம், தனிக் குற்றம்.

நோட்டீஸை மூவருக்கும் அனுப்புங்கள்: ஃபோட்டோகிராஃபர், விளம்பர ஏஜென்சி, நகைக்கடை. ஃபாரத்தின் நகல் கேளுங்கள். ஏழு நாளில் அகற்றச் சொல்லுங்கள். எத்தனை இடத்தில், எத்தனை நாள் வைத்தார்கள் என்ற கணக்கும், அதே அளவு விளம்பரத்துக்கு ஒரு மாடல் வாங்கும் தொகையும் கேளுங்கள். பெரும்பாலும் கடைதான் முதலில் வழிக்கு வரும். தன் பெயர் கோர்ட் ஆவணத்தில் வருவதை எந்த வியாபாரியும் விரும்பமாட்டார், ஏஜென்சிக்கு யார் படம் விற்றார்கள் என்ற இன்வாய்ஸும் அவர் வழியாகத்தான் வெளியே வரும். நோட்டீஸ் போகும் முன்பே ஹோர்டிங்கைப் படமெடுங்கள்: பக்கத்துக் கட்டடம் தெரிய ஒன்று, கீழே ஓரத்தில் இருக்கும் ஹோர்டிங் ஏஜென்சியின் பெயர் தெரிய இன்னொன்று. இன்ஸ்டாகிராம் விளம்பரம் ஓடும்போதே மெட்டாவின் விளம்பர நூலகத்தில் கடைப் பெயரைத் தேடிப் பக்கத்தைச் சேமியுங்கள். விளம்பரம் நின்றபின் அங்கே தேடினால் கிடைக்காமல் போகும். அகற்ற மறுத்தால் பாலக்காட்டிலேயே தடையுத்தரவு கேட்டு வழக்குப் போடலாம். சமரசம் பேசினால், 'முழுவதும் தீர்ந்தது' என்ற ரசீதில் பணம் கைக்கு வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்.

18,000 ரூபாய்க்கு லேபர் கோர்ட் வேண்டாம். நாள் கணக்கில் தனியாக வேலை செய்பவரை அங்கே தொழிலாளி என்று நிறுவுவதற்குள் காலம் போய்விடும். வேலை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சிவில் வழக்கு போட வேண்டும், வாட்ஸ்அப் நினைவூட்டல்களால் அந்தக் கெடு நீளாது. நாள் 6,000 என்று அவர் ஒப்புக்கொண்ட மெசேஜ், கால்ஷீட், அந்தப் படங்கள் வந்த கேட்டலாக், முன்பு அவர் யுபிஐயில் அனுப்பிய தொகைகளின் வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை போதும். ஆனால் இந்தத் தொகைக்கு முழு வழக்கை விட, வழக்குக்கு முந்தைய லோக் அதாலத் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) மனுதான் என் பரிந்துரை. கோர்ட் கட்டணம் இல்லை. பெண் என்பதால் வருமானம் பார்க்காமலே உங்களுக்கு இலவச வக்கீல் உண்டு. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் பிரிவு 12 அதைச் சொல்கிறது. பாலக்காட்டில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்துக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். மேலே சொன்ன நோட்டீஸையும் அவர்கள் வழியாகவே அனுப்பலாம்.

அடுத்த ஷூட்டுக்கு முன் இந்த வாசகத்தைத் தமிழிலேயே அனுப்பி, 'சரி' என்ற பதில் வந்த பிறகு மட்டும் பஸ் ஏறுங்கள்: 'இந்தத் தேதியில் எடுக்கும் படங்களை இருவரும் போர்ட்ஃபோலியோவிலும் சொந்த இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் மட்டும் பயன்படுத்தலாம். விளம்பரம், ஹோர்டிங், ஸ்டாக் தளம், மூன்றாம் நபருக்கு விற்பனை, ஏஐ மூலம் முகம் மாற்றுதல் ஆகியவற்றுக்கு என் தனி எழுத்துச் சம்மதமும் தனிக் கட்டணமும் வேண்டும். நான் கையெழுத்திடும் எந்த ஃபாரமும் இதற்கு உட்பட்டது.' காசு வேலையானால் பாதி முன்பணம், மீதி எந்தத் தேதி, எட்டு மணி நேரத்துக்கு மேல் மணிக்கு எவ்வளவு, முந்தின நாள் ரத்தானால் எவ்வளவு என்று நான்கு வரி சேருங்கள். கையெழுத்திடும் ஒவ்வொரு தாளையும் அங்கேயே உங்கள் மொபைலில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தடுப்பவரிடம் கையெழுத்தே போடாதீர்கள்.

ஓவியக் கூடத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அன்றைய வருகைப் பட்டியலைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள், படமெடுத்தவரைப் போலீஸ் கண்டுபிடிக்க அதுதான் வழி. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, மாதச் சம்பளக்காரருக்கு மட்டுமானதல்ல, நாள் கூலிக்கு வரும் மாடலுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமென்றால் திருச்சூர் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். கெடு சம்பவத்திலிருந்து மூன்று மாதம், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். படம் எடுத்தது இப்போதுதான் தெரியவந்தது என்பதை அந்தப் புகாரில் தேதியோடு எழுதுங்கள். வகுப்புக்கு மறுபடி போவதானால், ஃபோன்கள் எல்லாம் அறைக்கு வெளியே பெட்டியில் வைக்கப்பட்ட பிறகே அங்கியைக் கழற்றுவேன் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.