ரகசியச் செயற்கைக்கோள்களை மொட்டைமாடியிலிருந்து பிடிப்பது எப்படி?

கேள்வி: அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதையை அந்நாட்டு ராணுவம் வெளியிடுவதில்லை. அமெச்சூர் வான் ஆர்வலர்கள் கணித்துச் சொல்லும் நேரத்தை நம்பி மூன்று நாள் காத்திருந்தேன், எதுவும் தென்படவில்லை. 7x50 பைனாகுலர் போதாதா?
— வாசகர், செங்கோட்டை

பதில்: தாராளமாகப் போதும். பெரும்பாலும் நேரம்தான் காலை வாரியிருக்கும். இந்தக் கோள்கள் அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயரத்தை மாற்றிக்கொள்ளும். 500 கி.மீ. உயரத்தில் சுற்றுவது 10 கி.மீ. மேலே ஏறினால், ஒரு சுற்றுக்கு 12 விநாடி கூடுகிறது. நாளொன்றுக்கு 15 சுற்று என்றால் மறுநாளே 3 நிமிடத் தாமதம். அதற்குள் பூமி உங்களை 80 கி.மீ. கிழக்கே கொண்டுபோய்விடும்! வடக்கு தெற்காக உச்சியைக் கடக்க வேண்டிய கோள் 9 டிகிரி மேற்கே தள்ளிப் போகும். உங்கள் பைனாகுலரில் தெரியும் வட்டமோ சுமார் 7 டிகிரிதான்.

எனவே கணித்த நேரத்துக்கு 5 நிமிடம் முன்பே, சொன்ன இடத்துக்கு 15 டிகிரி கிழக்கில் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 3 டிகிரி, அதாவது கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம், மேற்கே நகர்த்துங்கள். நேரம் கடந்த பிறகும் 5 நிமிடம் விடாதீர்கள். ஸ்டாண்டில் பொருத்தினால் கை நடுங்காது.

கேள்வி: கண்ணில் பட்டால் எப்படிக் குறிப்பது?
— வாசகி, கம்பம்

பதில்: ஒரு டிகிரிக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு நட்சத்திரங்களைப் பாதையில் முன்கூட்டியே தேர்ந்துகொள்ளுங்கள். அவற்றை இணைக்கும் கோட்டைக் கோள் வெட்டும் கணத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள். 'மேல் நட்சத்திரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு' என்று உடனே எழுதிவிடுங்கள். அடுத்த நிமிடம் நினைவில் நிற்காது. பிறகு, ஓடும் ஸ்டாப்வாட்சை இணைய நேரத்தோடு சரிபார்த்த கடிகாரத்தின் முழு நிமிடத்தில் நிறுத்திக் கழித்தால் வெட்டிய நேரம் கிடைக்கும். டிவி கடிகாரம் வேண்டாம், டிஷ் வழியே வரும்போது பிந்தும். ஒரு விநாடி பிசகினால் கோளின் இடம் ஏழரை கி.மீ. பிசகும்.

முதலில், பாதை வெளியாகியுள்ள பழைய ராக்கெட் பாகங்களைக் குறித்துப் பழகுங்கள். உங்கள் விரல் எப்போதும் 0.2 விநாடி பிந்துகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். குறிப்பை அந்த ஆர்வலர்களுக்கு அனுப்பும்போது மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையை தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை தாருங்கள்.

கேள்வி: இரவு முழுக்கத் தேடலாமா?
— வாசகர், குமுளி

பதில்: பயனில்லை. கோள் மீது வெயில் பட வேண்டும், நமக்கு இருட்ட வேண்டும். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால், 500 கி.மீ. உயரத்தில் உச்சியைக் கடப்பது அஸ்தமனத்துக்குப் பின் ஒன்றரை மணி நேரத்தில் நிழலுக்குள் போய்விடும். வானம் போதிய அளவு இருட்டவே 50 நிமிடம் ஆகும். மிஞ்சுவது 40 நிமிடம். விடியலுக்கு முன்பும் அதே கணக்குதான். உயரமானவை கூடுதல் நேரம் தெரியும். 1,100 கி.மீ. அளவில் ஜோடியாக நகரும் இரு புள்ளிகளைக் கண்டால், அவை பெரும்பாலும் கப்பல்களைக் கண்காணிக்கும் அமெரிக்கக் கடற்படைக் கோள்கள். அஸ்தமனத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் வரை தென்படும். சாரல் காலத்தில் மேகம் விடாது. ஜனவரி முதல் மார்ச் வரை பாருங்கள்.