மலைக்குப் புறப்படும் வன்னிக்காரருக்கு: இம்முறை வந்த கேள்விகள்

விடியப் புறப்பட்டால் அன்று பின்னேரமே நுவரெலியாவில் கூடாரம் அடிக்கலாமா? (கிளிநொச்சி)

அடிக்கலாம். ஆனால் அடிக்காதீர்கள். கண்டி வரை ஏ9 இல் 250 கிலோமீற்றர், அதற்கு மேல் மலையேற ஒரு 75. அந்தக் கடைசி 75க்கு மூன்று மணித்தியாலம் வையுங்கள், பிள்ளைகள் சத்தி எடுத்தால் நாலு. முதல் இரவு மாத்தளையில் தங்கினால் முத்துமாரியம்மனையும் கும்பிட்டுவிட்டு அடுத்த நாள் ஆறுதலாக ஏறலாம். எங்கே போனாலும் பின்னேரம் நாலு மணிக்குக் கூடாரம் அடித்து முடிந்திருக்க வேண்டும். பனிமூட்டம் இறங்கிய பிறகு ரோச் வெளிச்சத்தில் ஆப்பு அறைகிற வேலை வேண்டாம்.

மலைநாடு போக எவ்வளவு செலவாகும்? விபரம் தரவும்.

ஊர் இல்லை, ஆள் கணக்கு இல்லை, என்ன வாகனம் என்று இல்லை. சாத்திரம் கேட்பதற்குக்கூடப் பிறந்த திகதியாவது சொல்ல வேண்டும். திரும்ப எழுதுங்கள்.

ஆகஸ்ட் மாதம் மலையில் மழை என்கிறார்கள். பயணத்தைத் தள்ளிப்போடவா? (ஒட்டுசுட்டான்)

தேவையில்லை, இடத்தை மாற்றுங்கள். நம் பக்கம் வெறுங்காற்றாக வீசுகிற அதே சோளகந்தான் அட்டன், நுவரெலியா மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது. மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது அது காய்ந்த காற்று. ஊவாத் தேயிலைக்கு ருசி ஏறுவதும் அந்த மாதங்களில்தான். ஆகவே ஆகஸ்டில் பண்டாரவளை, எல்ல, ஹப்புத்தளை. நுவரெலியாவுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது, ஆனால் ஜனவரி இரவில் புல்லில் உறைபனி பிடிக்கும் நாட்களும் உண்டு. வன்னியில் மார்கழிக்குப் போர்க்கிற போர்வை அங்கே காணாது.

எங்களிடம் பட்டா (சின்ன லொறி) இருக்கிறது. பின்னால் பாய் விரித்து எட்டுப் பேர் போகலாமா? (நெடுங்கேணி)

நெல் மூட்டைக்குக் கொண்டைவளைவில் தலை சுற்றாது. பிள்ளைகளுக்குச் சுற்றும், தூக்கியும் எறியும். கூடாது.

ஆல்டோ கார். மலையிலிருந்து இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் பெற்றோல் மிச்சம் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? (பரந்தன்)

தம்பி, அந்த நண்பர் ஓட்டினால் ஏறாதீர். ஒவ்வொரு விடுமுறைக்கும் இந்தக் கேள்வி வருகிறது, ஒவ்வொரு முறையும் பதில் எழுதுகிறேன், அப்புறமும் வருகிறது. நாம் மாங்குளம், முறிகண்டி நேர்றோட்டில் ஓடிப் பழகியவர்கள். நமக்குத் தெரிந்த இறக்கம் குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்குவதுதான். நுவரெலியாவிலிருந்து ரம்பொடைக்கு வருவதற்குள் கிட்டத்தட்ட 900 மீற்றர் கீழே வந்துவிடுகிறீர்கள். அவ்வளவு பாரத்தையும் பிறேக் தனியாக இழுத்துப் பிடித்தால் லைனர் காயும், பிறேக் எண்ணெய் கொதிக்கும், பெடல் பஞ்சுபோல உள்ளே போகும்.

பெற்றோல் கணக்கும் பிழை. இப்போதைய எஞ்சின்களில் கியரில் இறங்கும்போது அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் சும்மா ஓடுவதற்குக் குடிக்கிறது.

நானும் ஒரு காலத்தில் செய்த மடைத்தனந்தான். ஹயஸ் வான், உள்ளே 11 பேர், கூரையில் சட்டி பானை. பாதி இறக்கத்தில், "தேயிலை வறுக்கிற மணம் வருது" என்று பின்சீற்றிலிருந்து மாமி சொன்னா. தேயிலை இல்லை, என்னுடைய பிறேக். ஓரம் கட்டி, சில்லுக்குக் கல் முண்டுகொடுத்து முக்கால் மணித்தியாலம் நின்றோம். மச்சான் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான், சில்லுக்கு ஊற்ற. கையைப் பிடித்து மறித்தேன். பழுத்த இரும்பில் குளிர்தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். தானாக ஆற வேண்டும். அந்தப் பாதையில்தான் 2025 மே மாதம் கரண்டியெல்லவில் பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் வேறாக இருக்கலாம், பள்ளம் அதேதான்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஓட்டோ கியர் என்றால் 'எல்' அல்லது '2', அக்குவா, பிரியஸ் என்றால் 'பி'. பிறேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுங்கள். இரண்டு வருடமாகப் பிறேக் எண்ணெய் மாற்றவில்லை என்றால் புறப்பட முன் கராஜுக்குப் போங்கள். சாமி படத்துக்கு மாலை போடுவது அதற்குப் பிறகு.

போன முறை மேலே சோறு வேகவே இல்லை. அரிசியில் பிழையா? (புளியங்குளம்)

அரிசியில் பிழை இல்லை அக்கா. 2000 மீற்றர் உயரத்தில் தண்ணீர் 93 பாகையிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடேறாது. பிரஷர் குக்கர் கொண்டுபோங்கள், அல்லது சிவப்பரிசியை இரண்டு மணித்தியாலம் ஊறப்போடுங்கள். முதல் நாளுக்குப் பாணும் சம்பலும் போதும்.

குளிருக்குக் கூடாரத்துக்குள் கரிச்சட்டி வைக்கலாமா?

வேண்டாம். காஸ் அடுப்பும் வேண்டாம். கரிப்புகையில் வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையில் இருப்பவர் எழும்பமாட்டார். கம்பளி கூட எடுங்கள்.

எங்கள் அம்மப்பா 1977 கலவரத்தோடு ஹப்புத்தளைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். பிள்ளைகளுக்கு அந்த இடத்தைக் காட்டி, அங்கேயே ஓர் இரவு கூடாரம் போட ஆசை. (தருமபுரம்)

கட்டாயம் காட்டுங்கள். ஆனால் தோட்டம் கம்பனி பார்க்கிற நிலம், தோட்ட அலுவலகத்தில் கேட்காமல் ஒரு கயிறும் கட்டாதீர்கள். லயத்து ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள், அம்மப்பாவின் பெயரைச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் சரிவுக்குக் கீழே படுக்க வேண்டாம். பக்கத்துக் கொஸ்லந்தையில், மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போனது நினைவிருக்கட்டும். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுகிறது, உதவிக்கு 117. விடியற்காலையில் தம்பதன்னை வழியாக லிப்டன் இருக்கை என்ற மலைமுனைக்கு ஏறுங்கள். ஒன்பது மணிக்கு மேல் பெரும்பாலும் வெள்ளைப் புகைதான் தெரியும். பின்னேரம் நாலு மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று முதலாவது பதிலில் சொல்லிவிட்டேன்.

ஹோட்டன் சமவெளியில் நினைத்த இடத்தில் தங்கலாமா?

முடியாது. அது தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்கூட்டியே பதிந்து, அவர்கள் காட்டும் இடத்தில்தான் தங்கலாம். பொலித்தீன் பைகளை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சோற்றுப் பார்சலை வாழையிலையில் கட்டுங்கள்.

அட்டை கடித்தால்?

உப்பு. அல்லது சவர்க்காரத் தண்ணீர். பிடுங்கி இழுக்காதீர்கள். கால்சட்டையைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொண்டு நடந்தால் பாதி கடி குறையும்.