போக்கர் டோர்னமெண்டின் கடைசிக் கட்டத்தில் நல்ல கையைக்கூட மடிக்கச் சொல்வது ஏன்?

பரிசு நெருங்கும் நேரத்தில் ஏஸ்-கிங் வந்தும் மடிக்க, அதாவது சீட்டைப் போட்டுவிட்டு அந்த ஆட்டத்திலிருந்து விலக, சொல்கிறார்களே, அது பயமா கணக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குதான். தாளும் பேனாவும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

நேரடியாகப் பணத்துக்கு ஆடும் பணமேசையில் நூறு ரூபாய்ச் சிப் எப்போதும் நூறு ரூபாய்தான். டோர்னமெண்டில் அப்படி இல்லை. 2024-இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 10,112 பேர் கலந்துகொண்டார்கள். மொத்தப் பரிசு சுமார் 9.4 கோடி டாலர். கடைசியில் எல்லாச் சிப்பையும் வென்ற ஜொனாதன் தமாயோவுக்குக் கிடைத்தது 1 கோடி டாலர். இரண்டாம் இடத்துக்கு 60 லட்சம், ஒன்பதாம் இடத்துக்கு 10 லட்சம். மேசையில் இருந்த சிப் முழுவதும் ஒருவரிடம் சேர்ந்தும், பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் அவருக்கு வந்தது. ஆகவே சிப் இரட்டிப்பானால் பணமதிப்பு இரட்டிப்பாவதில்லை. சிப் தீர்ந்துபோனாலோ, மேலே ஏறும் வாய்ப்பு முழுவதும் போய்விடுகிறது.

இந்த வேறுபாட்டை அளக்கும் முறையைத்தான் ஐசிஎம் (இண்டிபெண்டண்ட் சிப் மாடல்) என்கிறார்கள். குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனையாவதாக வரும் என்று கணிக்க 1973-இல் டேவிட் ஹார்வில் தந்த சூத்திரமே இதன் வேர். மேசன் மால்முத் 1987-இல் அதைப் போக்கருக்குக் கொண்டுவந்தார்.

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு பேர் மீதி இருக்கிறீர்கள். நால்வரிடமும் சமமான சிப். பரிசு மூன்று பேருக்கு மட்டும்: 50,000, 30,000, 20,000 ரூபாய். இப்போது ஒவ்வொருவரின் நிலைக்கும் மதிப்பு 25,000. எதிரில் இருப்பவர் ஆல்-இன் போகிறார், அதாவது தன் சிப் முழுவதையும் வைக்கிறார். நீங்களும் ஈடாகச் சிப் வைத்து (கால் செய்து) வென்றால் உங்கள் சிப் இரண்டு மடங்காகும். ஆனால் மதிப்பு 38,333 ரூபாய்தான். தோற்றால் பூஜ்யம். மடித்தால் 25,000 அப்படியே இருக்கும். பிளைண்டை (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாக வைக்கும் சிப்பை) கணக்கில் சேர்க்காவிட்டால், கால் செய்வது நஷ்டமாகாமல் இருக்க நூற்றுக்கு 65 தடவைக்கு மேல் நீங்கள் வெல்ல வேண்டும்.

ஏஸ்-கிங் வேறு வேறு இனத்தில் வந்தால், ஏதோ இரண்டு சீட்டுக்கு எதிராக அது வெல்வது சுமார் 65 சதவீதம். அதாவது எதிராளி தன் சீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஆல்-இன் போனால்தான் உங்கள் கால் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாக வரும். பார்த்துவிட்டுப் போயிருந்தால் பெரும்பாலும் நஷ்டம்.

இதே கணக்கில் பலரும் கவனிக்காத இன்னொரு பக்கம் இருக்கிறது. நீங்கள் இருவரும் மோதுவதற்கு முன் உங்கள் கூட்டு மதிப்பு 50,000. மோதிய பிறகு 38,333. குறைந்த பணம், ஒரு சிப்பும் போடாமல் வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கும் தலா 5,833 ரூபாயாகப் போய்ச் சேர்கிறது. யார் வென்றாலும் இதுதான் நடக்கும். பபிளில், அதாவது இன்னும் ஒருவர் வெளியேறினால் மீதிப் பேருக்குப் பரிசு என்ற கட்டத்தில், சமமான சிப் உள்ள இருவர் வீம்புக்கு மோதுவதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கும்.

ஆகவே ரிஸ்க்கே எடுக்கக் கூடாது என்று பொருள் இல்லை. எந்தப் பக்கத்தில் நின்று எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். கால் செய்ய 65 சதவீதம் வேண்டும் என்றால், நீங்கள் முதலில் ஆல்-இன் தள்ளும்போது அதே சுமை எதிராளியின் தலையில் விழுகிறது. கணக்குத் தெரிந்தவர் பெரும்பாலான கைகளை மடித்துவிடுவார், பிளைண்ட் உங்களுக்கு. கணக்குத் தெரியாமல் எதற்கும் கால் செய்பவரிடம் இது செல்லாது. அவரிடம் நல்ல கையோடுதான் போக வேண்டும்.

யாரை எதிர்க்கிறீர்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். உங்களைவிடக் குறைவான சிப் உள்ளவரிடம் தோற்றால் ஆட்டத்தில் இருப்பீர்கள். அதிகம் உள்ளவரிடம் தோற்றால் வெளியே. மேசையில் ஒருவர் இரண்டு பிளைண்டுக்கு மட்டும் சிப் வைத்துத் தத்தளிக்கும்போது, நடுத்தரச் சிப் உள்ளவர் பெரிய கையிருப்புக்காரரோடு மோதுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. பெரிய கையிருப்புக்காரர் அந்த நேரத்தில் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருப்பதற்கும் அதுதான் காரணம். அவரைக் கோபித்துப் பயனில்லை. குறைந்த சிப் உள்ளவரின் நிலை வேறு: பத்து பிளைண்டுக்குக் கீழே இறங்கிய பிறகு காத்திருந்தால், அவர் தள்ளினாலும் யாரும் மடிக்காத நிலைக்கு வந்துவிடுவார்.

வெல்பவர்கள் எல்லோருக்கும் ஒரே பரிசு தரும் சாட்டிலைட் போட்டியில் இது உச்சத்துக்குப் போகிறது. இடம் ஏறக்குறைய உறுதியாகிவிட்டால் அங்கே ஏஸ் ஜோடியைக்கூட மடிக்க வேண்டி வரும். இருவர் மட்டும் மிஞ்சிய பிறகோ இந்த அழுத்தமே இல்லை. இரண்டாம் பரிசு இருவருக்கும் உறுதி. மீதி வித்தியாசத்துக்குச் சிப் கணக்கு மட்டும் போதும், துணிந்து ஆடுங்கள்.

ஃபைனல் டேபிளில் (கடைசி மேசையில்) பரிசைப் பேசிப் பிரித்துக்கொள்ளும் பேச்சு வந்தாலும் இந்தக் கணக்கு உதவும். முன்பு சொன்ன அதே 50,000, 30,000, 20,000 பரிசுகள், மூவரிடம் 5,000, 3,000, 2,000 சிப் என்று வையுங்கள். ஆளுக்கு 20,000 கொடுத்துவிட்டு மீதியைச் சிப் விகிதத்தில் பிரித்தால் முதலாமவருக்கு 40,000, கடைசியில் இருப்பவருக்கு 28,000. ஐசிஎம் படி முதலாமவருக்கு 38,393, கடைசியில் இருப்பவருக்கு 28,857. சிப் விகிதத்தில் பிரிக்கலாம் என்று முதலில் சொல்பவர் பெரும்பாலும் அதிகச் சிப் வைத்திருப்பவர்தான். உங்களிடம் குறைவாக இருந்தால், ஒப்புக்கொள்வதற்கு முன் இரண்டு கணக்கையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.